அரசா, உதவி பெறும் கல்லூரியா, சுயநிதியா: நெல்லைச் சீமையில் விரிவுரையாளர் வேலைக்குச் சேருமுன் போட வேண்டிய கணக்கு

நெட், செட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளில் தேறிய பிள்ளைகள் மே, ஜூன் மாதங்களில் வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்தக் கல்லூரியில் சேரலாம்? கேட்பது நியாயம். ஒரே பாடம், ஒரே பட்டம், ஒரே தகுதித் தேர்வு. ஆனால் சேரும் இடத்தைப் பொறுத்து மாதச் சம்பளம் பதினைந்தாயிரமாகவும் இருக்கலாம், தொண்ணூறாயிரத்தைத் தாண்டியும் போகலாம். அந்த இரண்டு பேரும் ஒரே ஸ்டாஃப் ரூமில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரே பாடத்திட்டத்தை நடத்துவதும் உண்டு.

நம் பக்கத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. பாளையங்கோட்டையில் தூய சவேரியார், தூய யோவான், சாராள் தக்கர், சதக்கத்துல்லாஹ் அப்பா, பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி என்று அரசு மானியம் வாங்கும் பழைய உதவி பெறும் கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. அரசுக் கல்லூரி என்றால் நெல்லையில் ராணி அண்ணா, தென்காசிப் பக்கம் சுரண்டை, கடையநல்லூர். இவை போக ஊருக்கு ஊர் சுயநிதிக் கல்லூரிகள். அபிஷேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம். இவற்றுள் எங்கே சேருவது என்று யோசிக்கும்போது பலரும் முதலில் தொகையைக் கேட்கிறார்கள். நான் வேறொன்றை முதலில் கேட்கச் சொல்வேன். அந்தச் சம்பளத்தை யார் தருகிறார்? அரசுக் கருவூலமா, நிர்வாகமா? இந்த ஒரு பதிலில் இன்கிரிமென்ட், விடுப்பு, ஓய்வுக்காலம், பிரசவ காலம், நாளைக்கு வேலை இருக்குமா என்பது வரை எல்லாம் அடங்கிவிடும்.

கருவூலத்திலிருந்து வரும் சம்பளம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏழாவது ஊதிய அளவில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அதன் மேல் 2025 ஜூலைக் கணக்குப்படி 58 சதவீத அகவிலைப்படி, அதாவது 33,466. இரண்டும் சேர்ந்து 91,166. வீட்டு வாடகைப்படியும் மருத்துவப்படியும் தனி. 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கான பங்களிப்பு ஓய்வூதியத்தில் 10 சதவீதம், ஏறத்தாழ 9,100 ரூபாய், பிடித்தம் போகும். ஓய்வூதிய விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. சேரும் நாளில் எந்த அரசாணை நடப்பில் இருக்கிறதோ அதை எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

தொடக்கச் சம்பளத்தைவிட முக்கியம், அது வளரும் விதம். ஆண்டுக்கு 3 சதவீத இன்கிரிமென்ட்டில் 57,700 அடுத்த வருடம் 59,400, அதற்கு அடுத்த வருடம் 61,200. ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி திருத்தம். பி.எச்டி.யோடு சேர்ந்தவர் நான்கு ஆண்டில் அடுத்த நிலைக்கு, 68,900 அடிப்படைக்குத் தகுதி பெறுகிறார். எம்.ஃபில். மட்டும் இருந்தால் ஐந்தாண்டு, முதுகலை மட்டும் என்றால் ஆறாண்டு. அதன்பின் ஐந்தாண்டில் 79,800 நிலை, மேலும் மூன்றாண்டில் இணைப் பேராசிரியர். அங்கே அடிப்படையே 1,31,400; அகவிலைப்படியோடு இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. நடைமுறையில் பதவி உயர்வுக் கோப்பு நகரச் சுணங்கும், பாக்கித் தொகை வர வருடங்கள் ஆகும். ஆனாலும் வரும். கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது, மேசை இருக்கிறது, சங்கம் இருக்கிறது.

அரசுக் கல்லூரிக்கு வழி ஆசிரியர் தேர்வு வாரியம். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்து தேர்வு தள்ளிப்போனது. பிறகு 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. வருடா வருடம் வரும் தேர்வு இல்லை இது. இடையில் எத்தனை ஆண்டு போகும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த இடைவெளியில் எங்கே இருந்து சம்பாதிப்பது, எங்கே இருந்து படிப்பது என்பதுதான் நம் பிள்ளைகளின் உண்மையான சிக்கல். ஒரு ஆறுதல் உண்டு. 2024 அறிவிப்பில் வயது வரம்பு 57. நாற்பதைத் தாண்டிவிட்டோமே என்று புத்தகத்தை மூடி வைத்தவர்கள் திரும்பத் திறக்கலாம்.

உதவி பெறும் கல்லூரியின் ரெகுலர் பணியிடத்துக்கும் இதே ஊதிய அளவுதான். நியமிப்பது நிர்வாகம், சம்பளம் அரசினுடையது. கல்லூரி அலுவலகம் போடும் பில் மண்டல இணை இயக்குநர் அலுவலகம் வழியாகக் கருவூலத்துக்குப் போய் உங்கள் கணக்குக்கு வருகிறது. அரசுக் கல்லூரியோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இடமாறுதல். அரசு வேலை என்றால் முதல் போஸ்டிங் கிருஷ்ணகிரியிலோ கூடலூரிலோ விழலாம். ஊர்ப் பக்கம் வந்து சேர்வதற்குள் சில கலந்தாய்வுகள் கழிந்துவிடும். உதவி பெறும் கல்லூரியில் சேர்ந்த வாசலிலேயே ஓய்வு பெறலாம். வயதான அப்பா அம்மாவை வைத்துப் பார்க்க வேண்டியவர்களுக்கும், வீட்டுக்காரர் வேலை தூத்துக்குடியிலோ நெல்லையிலோ என்று இருப்பவர்களுக்கும் இது பெரிய விஷயம்.

ஆனால் இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, நியமன ஒப்புதல். நிர்வாகம் ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து அரசுச் சம்பளம் ஓடிவிடாது. மண்டல அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். தேர்வுக் குழு விதிப்படி அமைந்ததா, பணியிடம் அனுமதிக்கப்பட்டதா, இட ஒதுக்கீட்டு இனச்சுழற்சி பொருந்துமா என்று கேள்விகள் வரும். சில நியமனங்கள் நீதிமன்றம் வரை போய்த்தான் ஒப்புதலைப் பார்த்திருக்கின்றன. அதுவரை நிர்வாகம் தருகிற தொகைதான் சம்பளம். இன்டர்வியூவுக்குப் போகும்போதே அந்தப் பணியிடம் யார் ஓய்வு பெற்றதால் காலியானது, நிரப்ப அனுமதிக் கடிதம் வந்துவிட்டதா என்று கேட்டுவிடுங்கள். நல்ல நிர்வாகம் எடுத்துக் காட்டும்.

இன்னொன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் இந்தப் பணியிடத்துக்குப் பணம் கேட்கிறார்கள். கேட்காத நிர்வாகங்களும் நம் பக்கத்தில் இருக்கின்றன; காசில்லாமல் தகுதியால் மட்டும் உள்ளே வந்து இன்று துறைத் தலைவராக இருப்பவர்களை எனக்குத் தெரியும். கேட்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். அது தப்பு என்பது முதல் காரணம். கணக்கும் ஒத்துவராது என்பது அடுத்த காரணம். 30 லட்சம் கடன் வாங்கினால் 10 சதவீத வட்டிக்கே ஆண்டுக்கு 3 லட்சம் போகும், அசல் அப்படியே நிற்கும். ஒப்புதல் தள்ளிப்போனால் வட்டி மட்டும் ஓடும், சம்பளம் ஓடாது. கொடுத்த பணத்துக்கு ரசீதும் இருக்காது. நிலத்தை விற்று, அக்காவின் நகையை வைத்து இந்த வேலையில் சேர்ந்தவர்கள் முதல் பத்து வருடம் நிம்மதியாக வகுப்பெடுத்ததை நான் பார்த்ததில்லை.

இருபதாயிரத்துக்கு இரண்டு வழிகள்

ரெகுலர் வேலை கிடைத்தவர்கள் யாரிடமும் ஆலோசனை கேட்டு வருவதில்லை. கேட்டு வருபவர்கள் முன்னே பெரும்பாலும் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை. மற்றொன்று சுயநிதிக் கல்லூரி, அல்லது உதவி பெறும் கல்லூரியிலேயே சுயநிதிப் பிரிவு. தொண்ணூறுகளுக்குப் பிறகு தொடங்கிய பாடப்பிரிவுகளுக்குப் பெரும்பாலும் அரசு மானியம் கிடையாது. அதனால் பழைய பெரிய கல்லூரிகளிலும் பாதி ஸ்டாஃப் மேனேஜ்மென்ட் ஸ்டாஃப்தான், எஸ்.எஃப். (செல்ஃப் ஃபைனான்ஸ்) என்று சொல்வோமே, அவர்கள்.

முக்கூடல் பக்கத்துப் பெண் ஒருத்தி, கணிதத்தில் எம்.எஸ்சி., எம்.ஃபில்., செட் தேர்ச்சி. அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தவர். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு அம்மாவும் மகளுமாக வந்தார்கள். தென்காசி மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர் வேலை, மாதம் 25,000. பாளையங்கோட்டைப் பக்கம் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் 20,000.

"கவர்மென்ட் காலேஜுன்னா கவர்மென்ட் வேலதான டீச்சர்? அதுலயே சேத்துருவோமா?" என்றார் அம்மா.

இல்லை, அது அரசு வேலை இல்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது. கௌரவ விரிவுரையாளர் அந்தக் கல்வியாண்டுக்கான ஏற்பாடு. 11 மாதச் சம்பளம், மே மாதம் கிடையாது. ரெகுலர் ஆள் தேர்வாகி அந்தப் பணியிடத்துக்கு வந்தால் இவர் நகர வேண்டியதுதான். அப்புறம் ஒரு தாளை எடுத்து மூன்று பேருமாகக் கணக்குப் போட்டோம்.

கௌரவ விரிவுரையாளர்: 25,000 ரூபாய் வீதம் 11 மாதம், ஆண்டுக்கு 2,75,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 22,900 சொச்சம்.

சுயநிதி: 20,000 வீதம் 12 மாதம், 2,40,000. இதோடு நிர்வாகம் தன் பங்காகக் கட்டும் வருங்கால வைப்பு நிதி. 15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 சதவீதம் என்றால் மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம். இருபதாயிரத்தை 26ஆல் வகுத்துப் பதினைந்தால் பெருக்கினால் 11,538. எல்லாம் கூட்டினால் 2,73,138.

அம்மா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாதம் ஐயாயிரம் வித்தியாசம் என்று வந்தவர்களுக்கு, ஆண்டுக் கணக்கில் இரண்டாயிரத்துக்கும் குறைவான வித்தியாசம்தான் மிஞ்சியது.

ஆனால் இந்தச் சமநிலை ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: சுயநிதிக் கல்லூரி இவற்றை ஒழுங்காகக் கொடுத்தால். பணிக்கொடை ஆசிரியர்களுக்கும் உண்டு என்று 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 முதலே பொருந்தும் என்றார்கள். 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஐந்து ஆண்டு முடித்தவருக்குக் கல்லூரி கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் எத்தனை பேர் கேட்டு வாங்குகிறார்கள்? சம்பளச் சீட்டில் அடிப்படையைப் பத்தாயிரம் என்றும் மீதியைப் படி என்றும் பிரித்துப் போட்டிருந்தால் பணிக்கொடை பாதியாகிவிடும். வைப்பு நிதியை இரண்டு பங்கையும் ஊழியர் சம்பளத்திலிருந்தே பிடிக்கும் இடங்களும் இருக்கின்றன. மே மாதம் அரைச் சம்பளம் என்பதும் பல இடங்களில் வழக்கம். ஆக, 20,000 என்ற எண்ணுக்குப் பின்னால் நான்கு கேள்விகள் இருக்கின்றன: மே மாதம் முழுச் சம்பளமா? வைப்பு நிதி எண் எப்போது தருவீர்கள்? அடிப்படை எவ்வளவு? இன்கிரிமென்ட் எழுத்தில் உண்டா? கடைசிக் கேள்விக்குத்தான் பதில் மிகவும் மழுப்பலாக வரும். பதினைந்து வருட சர்வீஸ் உள்ள எஸ்.எஃப். ஆசிரியர் முப்பதாயிரத்தைத் தொடாமல் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

பணக் கணக்கு சமமானால் நேரக் கணக்கைப் போடுங்கள். மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. சுயநிதிக் கல்லூரியில் இருபதைத் தாண்டும். அதோடு அட்மிஷன் வேலை. பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே நாங்குநேரி, களக்காடு, வள்ளியூர் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, ஆளுக்கு இத்தனை பிள்ளைகள் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் இன்கிரிமென்ட் இல்லை, சில இடங்களில் மே மாதச் சம்பளமே இல்லை. வெயிலில் நோட்டீஸ் கட்டோடு அலைந்துவிட்டு வந்து இரவில் எப்படித் தேர்வுக்குப் படிப்பது? கௌரவ விரிவுரையாளருக்கு இந்தச் சுமை இல்லை. வகுப்பு முடிந்தால் நூலகத்தில் உட்காரலாம். தேர்வு வாரியப் பரீட்சைக்குத் தயாராகும் மூன்று நான்கு பேர் அங்கேயே இருப்பார்கள். கேள்வித்தாள், குறிப்பு எல்லாம் கைமாறும்.

அதனால் என் பதில் ஆளுக்கு ஆள் மாறும். தேர்வு எழுதி ரெகுலர் ஆவதுதான் நோக்கம் என்றால் கௌரவ விரிவுரையாளர் வேலையே மேல், மே மாதத்துக்கு முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொண்டு. மாதாமாதம் தவணை கட்ட வேண்டிய வீடு, ஒரு மாதம் பணம் நின்றாலும் சமாளிக்க முடியாத நிலை என்றால், வைப்பு நிதி ஒழுங்காகக் கட்டுகிற, 12 மாதமும் சம்பளம் போடுகிற சுயநிதிக் கல்லூரி மேல். இரண்டிலும் ஐந்தாண்டுக்கு மேல் திட்டமில்லாமல் தங்கிவிடாதீர்கள். முக்கூடல் பெண்ணுக்கும் இதையேதான் சொன்னேன்.

கௌரவ விரிவுரையாளருக்கு 25,000 போதுமா என்று கேட்டால், போதாது. மானியக் குழுவே 2019இல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று வழிகாட்டியது. அதில் பாதியைத்தான் நம் மாநிலம் தருகிறது. 2025 ஆகஸ்டில் குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரி ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கில், மாதம் 30,000 வாங்கி வந்தவர்களுக்கு ஊதிய அளவின் குறைந்தபட்சத்தையாவது கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற அந்தத் தீர்ப்பு நம் ஊர்க் கௌரவ விரிவுரையாளர் ஒவ்வொருவரும் படித்து வைத்திருக்க வேண்டியது.

பெண்களுக்கு இன்னொரு வரி சேர்க்க வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியில் ரெகுலராக இருந்தால் மகப்பேறு விடுப்பு சம்பளத்தோடு 12 மாதம். தனியார் கல்லூரியில் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம். சட்டம் அப்படிச் சொல்ல, ஏழாம் மாதம் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு, குழந்தை பிறந்தபின் புது ஆளாகச் சேர்க்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. அப்படிச் சேரும்போது சர்வீஸ் அறுந்துவிடுகிறது. பணிக்கொடைக்கான ஐந்தாண்டும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ராஜினாமா எழுதாதீர்கள், விடுப்பு விண்ணப்பம் எழுதுங்கள். அதன் நகலில் அலுவலக முத்திரை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களும் அப்படித்தான். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவதுதான் முறை. வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்கிற கல்லூரியில், தேர்வு வாரியச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வரும் அன்றைக்குத்தான் கஷ்டம் புரியும்.

யாரும் எண்ணிப் பார்க்காத மூன்றாவது வழி

இருபதாயிரமா இருபத்தைந்தாயிரமா என்று மல்லுக்கட்டுகிற பிள்ளைகளில் பலர், நெட்டில் உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்களுக்கு பி.எச்டி. செய்யக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப்.பை ஒரு வருமானமாகவே நினைப்பதில்லை. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000. இரண்டு ஆண்டு கழித்து முதுநிலையில் 42,000. வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்தாண்டு வரை. அபிஷேகப்பட்டியிலோ, ஆய்வு மையம் உள்ள பாளையங்கோட்டைக் கல்லூரியிலோ சேர்ந்து ஊரிலிருந்தே ஆய்வு செய்யலாம். அட்மிஷன் கேன்வாஸ் கிடையாது, மே மாதமும் பணம் உண்டு, கடைசியில் பி.எச்டி.யும் கையில். அந்த பி.எச்டி. பிறகு பதவி உயர்வில் இரண்டாண்டைக் குறைக்கிறது என்று மேலே பார்த்தோம்.

எஸ்.எஃப். வேலையில் இருந்துகொண்டு பகுதிநேர ஆய்வு செய்பவர் அதே பட்டத்துக்குத் தன் கையிலிருந்து கட்டணம் கட்டுகிறார், விடுமுறை எல்லாம் அட்மிஷனுக்குப் போனபின் மிஞ்சிய நேரத்தில் எழுதுகிறார். உதவித்தொகை சில மாதம் சேர்ந்தாற்போல் வரத் தாமதமாவது உண்மை. அதற்கு ஒரு கையிருப்பு வேண்டும். ஆனாலும் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கட்டாஃபுக்குச் சில மதிப்பெண் அருகில் வந்தவர், 18,000 ரூபாய் வேலைக்கு ஓடுவதைவிட அடுத்த டிசம்பருக்கோ ஜூனுக்கோ உட்கார்ந்து படிப்பது நல்லது. வயது வரம்பு 30. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டுத் தளர்வு இருக்கிறது. இந்த வயதுக்குள் மட்டும் திறந்திருக்கும் வழி இது. கௌரவ விரிவுரையாளர் வேலை 35க்குப் பிறகும் கிடைக்கும்.

பொறியியல் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2019 விதிப்படி தனியார் பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கும் தொடக்கம் 57,700தான். தாளில். கையில் வருவது அதில் பாதியைத் தொட்டாலே நல்ல கல்லூரி. கணினி அறிவியல், செயற்கை நுண்ணறிவுப் பிரிவுகளில் பேரம் பேச இடம் இருக்கிறது, சிவில், மெக்கானிக்கலில் இல்லை. அந்தப் பிரிவுக்காரர்கள் அரசுப் பாலிடெக்னிக், அரசுப் பொறியியல் கல்லூரித் தேர்வுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதல்வர் நாற்காலி

நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் வேறொரு கேள்வி வருகிறது. ஒரு சுயநிதிக் கல்லூரி முதல்வராக அழைக்கிறது, போகலாமா?

அரசு, உதவி பெறும் கல்லூரிகளில் முதல்வர் பதவியால் சம்பளம் பெரிதாக ஏறாது. இளநிலைக் கல்லூரி முதல்வருக்கு இணைப் பேராசிரியரின் 1,31,400 அடிப்படை, முதுநிலைக் கல்லூரி முதல்வருக்குப் பேராசிரியரின் 1,44,200. அதோடு சில ஆயிரம் சிறப்புப்படி. துணைவேந்தருக்கே நிலைச் சம்பளம் 2,10,000தான். மூத்த பேராசிரியர் ஏற்கெனவே அந்த உயரத்துக்கு அருகில் இருப்பார். அரசுக் கல்லூரியில் பதவி உயர்வு பணிமூப்பில் வருகிறது, பெரும்பாலும் ஓய்வுக்குச் சில வருடம் முன்பு, வெளியூர் மாறுதலோடு. அதனால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்பறையிலேயே இருப்பவர்கள் உண்டு. முதல்வர் இல்லாத கல்லூரியில் பொறுப்பு முதல்வராக ஒருவர் சிறப்புப்படியும் முழு அதிகாரமும் இல்லாமல் கோப்பைத் தூக்கிச் சுமப்பார். உதவி பெறும் கல்லூரியில் மானியக் குழு விதிப்படி ஐந்தாண்டுக் காலம், ஒரு முறை நீட்டிப்பு. ரெகுலரில் இருப்பவர் இந்தப் பதவியைப் பணத்துக்காக ஏற்க வேண்டியதில்லை. கல்லூரியை நடத்திப் பார்க்க ஆசை இருந்தால் ஏற்கலாம்.

சுயநிதிக் கல்லூரியில் நிலைமை தலைகீழ். முதல்வர் சம்பளத்துக்கு நடைமுறையில் அளவுகோலே கிடையாது, பேசி முடிப்பதுதான். முதல்வருக்கு மானியக் குழு கேட்கும் தகுதி பி.எச்டி., பதினைந்தாண்டு அனுபவம், பத்து ஆய்வுக் கட்டுரை. அந்தத் தகுதியோடு சுலபமாகக் கிடைப்பவர்கள் அரசு, உதவி பெறும் கல்லூரிகளில் ஓய்வு பெற்றவர்கள். பழைய ஓய்வூதியத் திட்டத்தில், கடைசி அடிப்படை 2 லட்சம் என்று ஓய்வு பெற்றவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் 1 லட்சம், அதற்கு 58 சதவீத அகவிலைப்படி, மொத்தம் 1,58,000. அவருக்கு நிர்வாகம் தரும் அறுபதாயிரம் கூடுதல் வருமானம். அதே நாற்காலிக்கு அதே கல்லூரியில் இருபது வருடம் உழைத்த எஸ்.எஃப். ஆசிரியர் வந்தால், அவருக்கு அந்த அறுபதாயிரம்தான் முழு வாழ்க்கையும். ஆனால் நிர்வாகம் பேரத்தைத் தொடங்குவது ஓய்வூதியக்காரர் ஒப்புக்கொள்ளும் தொகையிலிருந்து. தனியார் கல்லூரியில் தலைமைப் பொறுப்புக்குச் சம்பளம் ஏறாமல் கிடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம், இதை யாரும் பேசுவதில்லை.

ஆகவே, ஓய்வூதியம் உறுதியான ஒருவர் அறுபது வயதுக்குப் பிறகு சுயநிதிக் கல்லூரி முதல்வராகப் போவது நல்ல முடிவு. அந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நல்லது. ரெகுலர் பணியில் இருப்பவர் இடையில் விட்டுவிட்டுப் போவது தேவையில்லாதது. எஸ்.எஃப்.பில் வளர்ந்தவருக்குத்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. அவர் போகலாம், சில விஷயங்களை ஆர்டரில் எழுதி வாங்கிக்கொண்டு. பதவிக்காலம் எத்தனை ஆண்டு? முடிந்தபின் பழைய ஆசிரியர் பணியிடத்துக்குப் பழைய சம்பளத்தோடு திரும்பலாமா? அட்மிஷன் எண்ணிக்கை குறைந்தால் சம்பளத்தில் கை வைக்கப்படுமா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், அங்கே கல்லூரியை நடத்துவது தாளாளர்தான். முதல்வர் அறைக்கு வெளியே தொங்கும் பெயர்ப் பலகை மட்டும் உங்களுடையது.

இன்னொரு காரணத்துக்காகவும் எழுத்தில் வேண்டும். பல்கலைக்கழக இணைவிப்பு ஆய்வுக்கு அனுப்பும் ஆசிரியர் பட்டியலில் கையெழுத்துப் போடுபவர் முதல்வர். 2024இல் ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிப் பட்டியல்களில் இருந்தது அம்பலமாகி, அண்ணா பல்கலைக்கழகம் விசாரணை வைத்தது. முழுச் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பதற்குப் பதில் பெயரை மட்டும் வாடகைக்கு எடுத்ததன் விளைவு அது. இன்ஸ்பெக்ஷன் குழு வரும் வாரத்தில் பட்டியலை மேசைக்குக் கொண்டு வந்து வைப்பார்கள். அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் கடந்த மூன்று மாத வருகைப் பதிவும், வங்கி வழியாகச் சம்பளம் போன சான்றும் கேளுங்கள். கொடுத்தால் கையெழுத்துப் போடுங்கள். கொடுக்க முடியாது என்றால் அன்றைக்கே பழைய பணியிடத்துக்குத் திரும்பும் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.